ஒண்ணும் இருக்காது என்று சொல்லாத அக்கா

செஞ்சியில் யாருக்கும் ஒன்றும் இல்லை. நம்பாவிட்டால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிலையத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். பூ விற்கிற அம்மா, "வாயுவா இருக்கும், ஒண்ணும் இருக்காது" என்பார். டீக்கடைக்காரர் சோடாவை உடைத்துக் கையில் கொடுத்து, "ஒண்ணும் இருக்காது" என்பார். மேல்மலையனூர் பஸ்ஸின் கண்டக்டர், "ஏறி உக்காரும்மா, அங்காளம்மா பாத்துப்பா, ஒண்ணும் இருக்காது" என்பார். மருந்துக்கடையில் மூன்று நிறத்தில் மாத்திரைகளைக் கவரில் போட்டு, அந்த இரண்டு வார்த்தைகளையும் இலவசமாகச் சேர்த்துத் தருவார்கள். மூன்று மலைகளுக்கு நடுவில் வெந்துகொண்டிருக்கிற ஊர் இது. வியாதி வந்தால்கூட நிழல் தேடித் திண்டிவனத்துக்குப் போய்விடும் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லாத ஒரே ஆளை எனக்குத் தெரியும். இரண்டரை வருடம் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தேன். பெயரை எழுத மாட்டேன். எழுதினால், "அனுமதிப் படிவத்துல கையெழுத்து வாங்கினியா?" என்று கேட்பார்.

கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. இரண்டு அறைகள். ஒன்றில் ரத்தம், இன்னொன்றில் கணினியோடு நான். சென்னையிலிருந்த ஓர் ஆராய்ச்சி நிறுவனம் சுற்றுவட்டார ஊர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் சேர்த்து, வருடத்துக்கு இரண்டு முறை ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தது. சர்க்கரை அதிகமாக இருப்பவர்களின் உடம்புக்குள், வெளியே தெரியாத வீக்கம் ஒன்று வடியாமல் இருந்துகொண்டே இருக்கிறதா, அது பின்னாளில் புற்றுநோய்க்கு வழி செய்கிறதா என்பது கேள்வி. இதை நான் எழுத ஒரு பத்தி வேண்டியிருக்கிறது. அக்கா தெருமுனையில் நின்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்.

"சக்கர, வீக்கம், புத்து. மூணும் சம்பந்திங்களா, சண்டக்காரங்களானு பாக்க வந்திருக்கோம்."

"சம்பந்தினு தெரிஞ்சா இன்னா பண்ணுவீங்க?" என்று யாராவது கேட்பார்கள்.

"தெரியாது. தெரிஞ்சப்புறம் வந்து சொல்றேன். கைய நீட்டு."

அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பருத்த உடம்பு, தேர்தல் ஜீப்பில் கட்ட வேண்டிய குரல். மொபெட்டின் பின்னால் ஐஸ் பெட்டியைப் பழைய சைக்கிள் டியூபால் கட்டிக்கொண்டு அவலூர்பேட்டை வரைக்கும் போவார். நரம்பு அகப்படாத ஆண்களிடம், "நரம்பு இருக்குதா, இல்ல அதையும் பொண்டாட்டிகிட்ட குடுத்துட்டியா?" என்று கேட்டு, அந்த ஆள் சிரிக்கிற நேரத்தில் ஊசியை ஏற்றிவிடுவார். என்னை "டேட்டா" என்று கூப்பிடுவார். நான் தரவு ஏற்றுகிற வேலையில் இருந்ததால் அந்தப் பெயர். என் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தபோது அட்டையைப் பார்த்துவிட்டு, "உனக்கு வேற பேரு இருக்குதா?" என்றார்.

அவரிடம் ஒரு புத்தகம் இருந்தது. ஆராய்ச்சியில் விதியிலிருந்து எது பிசகினாலும் எழுதி வைக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து கொடுத்த நீளமான பதிவேடு. நான்கு கட்டங்கள்: என்ன நடந்தது, யாரால், காரணம், திருத்த நடவடிக்கை. அட்டையில் ஆங்கிலத்தில் ஏதோ நீளமாக அச்சடித்திருந்தது. அதன்மேல் அக்கா வெள்ளைத் தாள் ஒட்டித் 'தவறுப் புத்தகம்' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிட்டார். மற்ற ஊர்களில் இந்தப் பதிவேடு மாதக்கணக்கில் காலியாக இருக்குமாம். எங்களுடையது மூன்றாவது மாதமே நிரம்பி, இரண்டாம் பாகம் கேட்டு எழுதினோம்.

ஒருமுறை கோட்டைக்குப் போகிற வழியில், மலையடிவாரத்தில் முகாம் போட்டிருந்தோம். அக்கா ஐந்து சிறுநீர்க் குப்பிகளை வரிசையாகக் கைப்பிடிச் சுவரில் வைத்திருந்தார். ஒரு குரங்கு இறங்கி வந்து, அவசரமே இல்லாமல் ஐந்தையும் பார்த்து, நிறம் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறியது. குப்பிக்குச் சொந்தக்காரரான பெரியவர் கீழே நின்று, "ஏ, அது என்னிதுடா" என்று கத்திக்கொண்டிருந்தார். அக்கா அன்றைக்கே எழுதினார். என்ன நடந்தது: மாதிரி எடுத்துச் செல்லப்பட்டது. யாரால்: குரங்கு. காரணம்: குரங்குக்குத்தான் தெரியும். திருத்த நடவடிக்கை: பெரியவருக்கு இரண்டு சொம்பு தண்ணீர் கொடுக்கப்பட்டது. சென்னையிலிருந்து, குரங்கு என்பதை விளக்கவும் என்று கேள்வி வந்தது. விளக்க முடியாது, நேரில் வந்து பார்க்கவும் என்று பதில் போடச் சொன்னார். நான் மூன்று முறை, "வேணாங்க்கா, கோச்சுப்பாங்க" என்றேன். பிறகு அப்படியே அனுப்பினேன்.

பொய் வந்தால் தனக்கு மூக்கு அரிக்கும் என்பார். ரத்தப் பரிசோதனையைப் பரீட்சை மாதிரி நினைப்பவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். தேதி சொல்லிவிட்டால் மூன்று நாளைக்கு முன்பிருந்து பாகற்காய்ச் சாறு, நடைப்பயிற்சி, ராத்திரிக்கு ஒரே ஒரு தோசை. ஒரு பெரிய மனிதர் அப்படி வந்து, வெறும் வயிற்றுச் சர்க்கரையில் நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டு கம்பீரமாகப் போனார். மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டுகிற இன்னொரு சோதனையும் அதே ரத்தத்தில் செய்வோம் என்று அவருக்குத் தெரியாது. அடுத்த வாரம் அக்கா அவர் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்திச் சொன்னார்.

"நைனா, மூணு நாள் பாவக்கா சாப்ட்டிருக்க. மூணு மாசம் மைசூர்பா சாப்ட்டிருக்க. ரெண்டையும் ரத்தம் எழுதி வச்சிருக்குது."

"மெதுவா பேசும்மா. வீட்ல கேக்கப் போவுது."

"வீட்லதான கேக்கணும்?"

இவ்வளவு பேசுகிறவர் தன் உடம்பை எப்படி வைத்திருந்தார் என்று கேட்பீர்கள். மோசமாக. அவருக்கும் சர்க்கரை. மாலை நான்கு மணிக்கு எதிர் மிட்டாய்க்கடையிலிருந்து இரண்டு ஜாங்கிரி வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் ரத்தத்தைத் தானே குத்தி எடுத்து, வந்த எண்ணைச் சுவர்க் காலண்டரில் எல்லோரும் பார்க்கிற மாதிரி சிவப்பில் எழுதுவார். ஒரு நாள் நான் தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டேன்.

"ஊருக்கெல்லாம் சொல்றீங்க. நீங்களே..."

விரலை நக்கிக்கொண்டு சொன்னார்: "நான் தப்பு பண்றேன் டேட்டா. பொய் சொல்லல. ரெண்டும் வேற டிபார்ட்மெண்ட்."

அவர் எனக்கு நல்லது எதுவும் கற்றுக்கொடுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இந்த ஜாங்கிரியை எழுதுகிறேன்.

ஊரில் அவரைப் பார்த்தால் கொஞ்சம் ஒதுங்குவார்கள். விசேஷங்களுக்குக் கூப்பிடுவார்கள், வராமல் இருந்தால் நிம்மதி. என் வளைகாப்புக்கு வந்தவர் சந்தனம் பூசி, வளையல் போட்டு, வாழையிலையைப் பார்த்தார். புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று ஒன்பது வகை. "ஒம்போது வக சாதம்ன்றாங்க. பாத்தா ஒம்போதும் சாதமா இருக்குது" என்றார். என் மாமியாருக்கு அன்றிலிருந்து அவரைப் பிடிக்காது.

மளிகைக்கடைக்காரர் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் படிவத்தில் வாயைத் திறந்து பார்க்கிற ஒரு கேள்வியும் உண்டு. கடைத்தெருவில் பெரிய கடை வைத்திருந்தவர், வெற்றிலையும் புகையிலையும் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் இல்லை. கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. வீட்டில் சூடு என்றார்கள், நண்பர்கள் மோர் குடி என்றார்கள், எல்லோரும் ஒண்ணும் இருக்காது என்றார்கள். அவர் அக்காவிடம் கேட்டார்.

"ஒண்ணும் இருக்காதுல்ல?"

"தெரியாது. பாத்தாதான் தெரியும்."

"நீதான் இப்ப பாத்தியே?"

"நான் பாத்தா பத்தாது. கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பூதக்கண்ணாடியில வச்சுப் பாக்கணும்."

அவர் போகவில்லை. அக்கா தினமும் போனார், கடைக்கு. கூட்டம் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போய்க் கால் கிலோ துவரம்பருப்பு கேட்பார். பருப்பைக் கட்டும்போது, "வாய காமிச்சியா?" என்பார். மறுநாளும் கால் கிலோ. மூன்றாவது வாரம், பருப்புத் தொல்லை தாங்காமல் அவர் புதுச்சேரிக்குப் போனார். ஆரம்ப நிலைப் புற்று. வெட்டி எடுத்தார்கள். கன்னத்தில் ஒரு பள்ளத்தோடு இன்றைக்கும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார், இன்றைக்கும் அக்காவைத் திட்டுகிறார். "கூட்டத்துல மானத்த வாங்கினா அந்தப் பொம்பள" என்பார். அதைச் சொன்னபோது அக்கா, "திட்டறதுக்கு வாய் இருக்குதுல்ல, திட்டட்டும்" என்றார். எங்கள் அலுவலகச் சமையல் மூலையில் நான்கு கிலோவுக்குமேல் துவரம்பருப்பு சேர்ந்திருந்தது.

என் இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது, நான் காட்டக் கூடாது என்று முடிவு செய்த ஒரே ஆள் அவர்தான்.

பாப்பாவுக்கு அப்போது ஏழு மாதம். நெல்லிக்காய் அளவு, கல் மாதிரி. மாமியாரிடம் காட்டினேன். "பால் கட்டிக்கிச்சு, ஒண்ணும் இருக்காது" என்று சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தார். அம்மாவிடம் போனில் சொன்னேன். "எனக்கும் உன்னப் பெத்தப்ப இருந்துச்சு, ஒண்ணும் இருக்காது." வீட்டுக்காரரிடம் சொன்னேன். கூகுளைப் பார்க்காதே என்று என் போனை வாங்கி வைத்துவிட்டு, அவர் பார்த்தார். பிறகு, "ஒண்ணும் இருக்காது" என்றார், குரல் சரியில்லாமல். மருந்துக்கடையில் வீக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அரைநாள் நிம்மதி. அரைநாள் தீர்ந்ததும் இன்னொருவரிடம் போவேன். பால் கொடுத்துக்கொண்டிருப்பவள் இப்படி நினைக்கக் கூடாது என்றும் தோன்றும். இல்லை, தாய் என்றால் நினைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் தோன்றும். இப்படி இரண்டு மாதம். நெல்லிக்காய் எலுமிச்சையாயிற்று.

அவரிடம் சொன்னால் என்ன சொல்வார் என்று தெரியும். அதைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

ஒரு வியாழக்கிழமை படிவங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். எதிர் மேசையிலிருந்து குரல் வந்தது.

"இன்னா டேட்டா, ஒரு பக்கமா சாய்ஞ்சு உக்காந்திருக்க? ஒரு வாரமா பாக்கறேன். அந்தக் கை கீபோர்டுக்கே வர்ல."

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லன்றதுக்கு நீ யாரு? எழுந்திரு."

ரத்தம் எடுக்கும் அறைக்குள் கூட்டிப் போய்த் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தார். அவர் கை சில்லென்று இருந்தது, ஐஸ் பெட்டியைக் கையாண்ட கை. நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எத்தன நாளு?"

"ரெண்டு மாசம்."

"யார் யாரு பாத்தாங்க?"

சொன்னேன். கண்டக்டரை மட்டும் விட்டுட்டியா என்று கேட்டார். பிறகு, நான் பயந்த வார்த்தை வந்தது. "தெரியாது. பாத்தாதான் தெரியும்."

செஞ்சியில் ஒரு சின்ன மருத்துவமனைக்குப் புதுச்சேரியிலிருந்து சனிக்கிழமைதோறும் அறுவை மருத்துவர் வருவார். அந்த வாரமே போனேன். ஸ்கேன் பார்த்தார், வீக்கமாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம் என்றார். தடித்த ஊசியை விட்டு நான்கு துணுக்குகள் எடுத்தார். சேமியாத் துண்டு மாதிரி இருந்தன. நெடியடிக்கிற மருந்து ஊற்றிய குப்பியில் அவற்றைப் போட்டு, மூடியை இறுக்கி, சீட்டோடு என் கையில் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் இதை நோயாளியின் வீட்டார்தான் புதுச்சேரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஆய்வகம் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. திங்கள் காலை கொண்டுபோங்க, அப்படியே வச்சிருங்க என்றார் நர்ஸ்.

அப்படியே என்றால் எப்படி?

இரண்டு வருடமாக நான் கணினியில் ஏற்றியதெல்லாம் என்ன? ரத்தக் குப்பிகளின் குளிர்நிலை. காலை எத்தனை, மாலை எத்தனை, ஐஸ் உருகியதா, உருகியிருந்தால் ஏன். மனிதனிடமிருந்து எடுத்த எதுவும் குளிரில் இருக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். நர்ஸுக்குத் தெரியவில்லை போல என்று நினைத்தேன். படித்தவள், பொறுப்பானவள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, குப்பியைப் பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீஸரில் ஐஸ்கட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமியார் ஃப்ரீஸரைத் திறந்தார்.

"இன்னாம்மா இது, நெடியா அடிக்குது? ஊறுகாயா?"

"என் சதை அத்தை."

மாமியார் குப்பியைத் திருப்பி அதே இடத்தில் மெதுவாக வைத்தார், குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி. அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டில் யாரும் ஐஸ்தண்ணீர் குடிக்கவில்லை. ஃப்ரிட்ஜுக்கு மூன்று முறை மஞ்சள் தண்ணீர் வைத்தியம் நடந்தது.

திங்கள் காலை, அக்காவிடம் விடுப்புச் சொல்லப் போனேன். இடுப்பில் பாப்பா, கையில் பை. வீட்டுக்காரருக்கு அன்று விடுப்புக் கிடைக்கவில்லை.

"எங்க, காமி" என்றார். பையை வாங்கியவர் முகம் மாறியது. "இன்னாடி சில்லுனு இருக்குது?"

"ஃப்ரீஸர்லதான் வச்சிருந்தேன். ரெண்டு நாளா. ஐஸ் கொஞ்சங்கூட உருகலக்கா."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பாத்திரக்கடைக்காரர் மேலே எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். பாப்பாவும் சேர்ந்து சிரித்தது. பிறகு பட்டென்று நிறுத்தினார்.

"ரத்தத்தக் குளிர்ல வக்கணும். சதைய அந்த மருந்துல சும்மா வெளிய வக்கணும். உறைஞ்சா உள்ள இருக்கிற தண்ணி ஊசி ஊசியா நிக்கும் டேட்டா. கண்ணாடியில பாத்தா ஓட்ட ஓட்டயாத் தெரியும். டாக்டருக்கு எது எதுனு புரியாது."

"அப்ப?"

"அப்ப ஒண்ணு, சரியாத் தெரியாது. இல்லனா, தப்பாத் தெரியும்."

சீட்டை எடுத்தார். பேனாவை எடுத்தார். நான் கையைப் பிடித்தேன். எழுதாதீங்க என்றேன். எழுதினால் மறுபடி ஊசி போடச் சொல்வார்கள், மறுபடி ஊசி பாய்கிற அந்தச் சத்தம், டக் டக்கென்று. பாப்பா இடதுபக்கம் பால் குடித்து நாளாகிவிட்டது, வலதுபக்கமும் குறைந்துகொண்டிருந்தது. எப்படியாவது ஒரு பதில் வந்துவிட்டால் போதும் என்றிருந்தது. உறைந்ததை நாம் சொன்னால்தானே தெரியும்?

"தப்பான பதில் வந்தா பரவால்லயா உனக்கு?" என்று மட்டும் கேட்டார். சீட்டில் எழுதினார்: இரண்டு நாள் உறைநிலையில் வைக்கப்பட்டது. பிறகு தவறுப் புத்தகத்தைத் திறந்தார். இது ஆராய்ச்சி மாதிரி இல்லையே, நான்தானே என்றேன். "நீயும் இந்த ஆபீஸ் பொருள்தான்" என்று சொல்லிவிட்டு எழுதினார். யாரால்: டேட்டா. காரணம்: அதிகப் பொறுப்பு. திருத்த நடவடிக்கை: கூடப் போகிறேன்.

அப்படித்தான் இருவரும் புதுச்சேரி பஸ் ஏறினோம். ஜன்னலோரம் நான், மடியில் பாப்பா, பக்கத்தில் அக்கா, அவர் மடியில் குப்பி. திண்டிவனம் தாண்டியதும் பாப்பா பாலுக்கு அழுதது. கொடுத்துப் பார்த்தேன். போதவில்லை. குழந்தை அழ, எனக்கும் வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். எனக்கு ஏதாவது என்றால் இவளுக்குத் தலை வாரிவிட யார், இவளுடைய தடுப்பூசி அட்டை எந்த டப்பாவில் இருக்கிறது என்று வீட்டில் யாருக்குத் தெரியும் என்றெல்லாம் உளறினேன். அக்கா குப்பியை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு என் தோளில் கையைப் போட்டு, யாரோ ஒருவருடைய குரலில் சொன்னார்.

"அழாத. ஒண்ணும் இருக்காது."

என் அழுகை நின்றுவிட்டது. செஞ்சி முழுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பயந்ததில்லை. இவர் சொல்கிறார் என்றால் விஷயம் முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

"இன்னாக்கா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"இப்ப சொன்னீங்க. ஒண்ணும் இருக்காதுன்னீங்க."

"காத்துல கேட்டிருக்கும். கொழந்தைக்கு பிஸ்கட்ட நனைச்சுக் குடு."

புதுச்சேரி வரைக்கும் அவர் என் பக்கம் திரும்பவில்லை. முதன்முறையாக அவர் மூக்கைச் சொறிந்துகொள்வதைப் பார்த்தேன்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. திசு உறைந்து சிதைந்திருக்கிறது, உறுதியாகச் சொல்ல இயலாது, மறுபடி எடுத்து அனுப்பவும். சீட்டில் உண்மையை எழுதியதற்கு நன்றி என்று ஆய்வக மருத்துவர் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார். அக்கா அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தார். அறுவை மருத்துவர் என்னைத் திட்டிவிட்டு மறுபடி ஊசி போட்டார். இந்த முறை குப்பி ஒரு நிமிடம்கூட என் கையில் இல்லை. சனிக்கிழமை மாலையிலிருந்து அக்கா வீட்டு அலமாரியில், ஜாங்கிரிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில், சும்மா இருந்தது.

பத்து நாள் காத்திருந்தோம். அந்தப் பத்து நாளில் அவர் என்னிடம் ஜோக்கே சொல்லவில்லை என்பதை இப்போதுதான் யோசிக்கிறேன். அப்போது கவனித்திருந்தால் இன்னும் பயந்திருப்பேன்.

அறிக்கை அலுவலகத்துக்கே வந்தது. அக்கா கவரைக் கிழித்தார். என்னிடம் கொடுக்கவில்லை. தலைப்பிலிருந்து படித்தார். என் பெயர், வயது, எண், எடுத்த தேதி, எடுத்தவர், நிறம், அளவு. நடுவில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே பாத்திரக்கடையில் யாரோ ஒரு குடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்து வரைக்கும் படித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"வீக்கம். நாள்பட்ட வீக்கம். புத்து இல்ல."

"நிஜமாவா?"

"எடுத்த துண்டுல இல்ல. அவ்ளோதான் சொல்ல முடியும். மருந்து சாப்ட்டு, கரையுதானு பாத்து, மறுபடி ஸ்கேன் எடுக்கணும்."

"அப்ப ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லனா மருந்து எதுக்கு? இருக்குது. வீக்கம் இருக்குது. கரையறவரைக்கும் இருக்குது" என்று சொல்லி என் தலையில் குட்டினார். கொஞ்சம் பலமாகவே குட்டினார். ஆறு மாதம் மருந்து. கரைந்தது. ஸ்கேனிலும் பார்த்தாயிற்று. பாப்பா இப்போது எல்.கே.ஜி.

அன்றைக்கு மாலை ஜாங்கிரி வந்தது. அதைத் தொடாமல் தவறுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து, கணினியில் ஏற்று என்று என் பக்கம் தள்ளினார்.

என்ன நடந்தது: புதுச்சேரி பஸ்ஸில் ஒருவரிடம் ஒண்ணும் இருக்காது என்று சொல்லப்பட்டது. சொன்னபோது சொன்னவருக்கு எதுவும் தெரியாது. யாரால்: நான். காரணம்: டேட்டா அழுதது.

நான்காவது கட்டம் காலியாக இருந்தது.

"அக்கா, இதெல்லாம் சென்னைக்குப் போவும்."

"போவட்டும். குரங்கு போச்சுல்ல."

"திருத்த நடவடிக்கை எழுதல. காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுத்துக்காது. இனிமே நடக்காம இருக்க இன்னா பண்ணப் போறீங்கனு போடணும்."

அப்போதுதான் ஜாங்கிரியை எடுத்தார். ஒரு வட்டத்தைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். காலண்டரில் சிவப்பாக இருந்த தன் எண்ணைப் பார்த்தார். அன்றும் என்னோடு வந்திருந்த பாப்பா தவழ்ந்துபோய் அவர் புடவை விளிம்பைப் பிடித்து எழுந்து நின்று, பிசுக்கு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரியாதுனு போடு" என்றார். "இன்னொரு பஸ்ஸு, இன்னொரு அழுமூஞ்சி. அப்ப பாத்தாதான் தெரியும்."

அப்படியே அடித்தேன். கணினி எடுத்துக்கொண்டது. சென்னையிலிருந்து இதற்கு மட்டும் கேள்வி வரவில்லை.